கஞ்சி போட்ட சுவெட்டர்

சுவெட்டர் பின்னுவது என்று எத்திராஜ் தீர்மானம் எடுத்த நாளில் நகரியில் வெயில் சுண்ணாம்புக் காளவாய் போல எரிந்தது. ஐப்பசி. மழை வரவேண்டிய மாதம். நகரி வெயிலுக்கு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. கரண்ட் போயிருந்தது. நான்கு தறிகளும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன.

தறி ஓடினால் அந்த வீட்டில் யார் பேசுவதும் யார் காதிலும் விழாது. இத்தனை வருஷம் குடும்பம் சுமுகமாக நடந்ததற்கு அதுதான் காரணம் என்பது எத்திராஜின் அபிப்பிராயம். கரண்ட் போனால்தான் ஆபத்து. பேசியே ஆகவேண்டும்.

பிரமிளா ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கம்பளி நூலில் எதையோ பின்னிக்கொண்டிருந்தாள். மடியில் எவர்சில்வர் கிண்ணம். கிண்ணத்துக்குள் நூல் உருண்டை குதித்துக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் போனைப் பார்த்துப் பழக ஆரம்பித்தவள், இப்போது போனைப் பார்க்காமல், கையையும் பார்க்காமல், புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னும் அளவுக்கு வந்துவிட்டாள். அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாமே இது, துணியா வலையா? இழுத்தா நீளுது, உட்டா சுருங்குது."

"சுவெட்டர்னா அப்படித்தான்."

"நம்மூர்ல எவன் சுவெட்டர் போடுவான்? மார்கழியிலயும் ஃபேன் சுத்திகினு கீது."

"ஊர்ல போட இல்ல. மார்கழியில மலைக்குப் போறோமே, அதுக்கு. மலையில குளிரு தாங்கலேன்னு வருஷா வருஷம் சொல்றது யாரு? நானா?"

பேச்சு போகக்கூடாத பக்கம் போகிறது.

அந்தப் பக்கத்தில் ஒரு வேண்டுதல் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் பெண் ஹர்ஷினிக்கு டெங்கு வந்து திருப்பதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் ஏதோ ஒரு கணக்கு இறங்கிக்கொண்டே போனது. வார்டு ஜன்னலில் மலை தெரிந்தது. எத்திராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எம்பொண்ணு எழுந்து நடந்தா எந்தலைமுடியைத் தரேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். பக்கத்தில் பிரமிளா நின்றிருந்தாள். ஹர்ஷினி எழுந்தாள். நடந்தாள். வீட்டுக்கு வந்த மறுநாளே தம்பியை எட்டி உதைத்தாள். சாமி தன் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார்.

எத்திராஜ் முடித்துக் கொடுக்கவில்லை. ஏனென்றால் அந்த முடி அப்படிப்பட்ட முடி. அவன் வயதுக்காரர்களுக்கெல்லாம் நெற்றி உச்சந்தலை வரைக்கும் வந்துவிட்டது. அவனுக்கோ நாற்றங்கால் போல மண்டிக் கிடந்தது. பஜாரில் முடிவெட்டுகிறவர் மற்ற வாடிக்கைக்காரர்களுக்கு அவன் தலையைத் திருப்பிக் காட்டி, "இதுக்குப் பேரு முடி" என்பார். எண்ணெய் தொடமாட்டான். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ சீப்பு இருக்கும். அதனால் முதல் தடவை மலைக்குப் போனபோது குளிர், சைனஸ் என்றான். அடுத்த தடவை மச்சான் கல்யாணம், போட்டோவில் நன்றாக இருக்காது என்றான். அதற்கடுத்த தடவை மறுபடியும் குளிர். இந்த மார்கழிக்கும் குளிரைத்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

ஆகவே பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. நூல் கூடையில் கிடந்த பழுப்பு நிற வஸ்து ஒன்றை எடுத்தான். உருண்டையாக, குழிவாக இருந்தது. மகன் பரணி தலைக்குப் பெரிது. ஹர்ஷினி தலைக்கும் பெரிது.

"இது இன்னா? சட்டிக்கு மூடியா?"

பிரமிளா அதை வாங்கிக் கூடையில் போட்டாள். "ஆமா. சட்டிக்குத்தான்."

மச்சான் ஹரிபாபு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சிரித்தான். அவன் பிரமிளாவின் தம்பி. ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப். ஞாயிற்றுக்கிழமையானால் பைக்கில் அக்கா கைச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். ஆள் எதிரில் மனைவியும் மச்சானும் சேர்ந்து கேலி செய்தால் எந்த மனிதனுக்கும் வாய் நீளும்.

"மூணு தலைமுறையா நூல்ல பொழக்கிற குடும்பம்டா இது. இவ நாலு மாசமா ஒரு சுவெட்டரை மெல்லுறா. நான் உக்காந்தா ஒரே வாரம்" என்றான் எத்திராஜ்.

"உக்காருங்க" என்றாள் பிரமிளா.

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"பரணிது நீங்க. ஹர்ஷினிது நானு. மலைக்குப் போட்டுக்கினு போவட்டும். எந்தப் பிள்ளை முதல்ல கழட்டுதோ அந்தப் பிள்ளைது தோத்துது."

"தோத்தா?"

"நீங்க தோத்தா, நேரா கல்யாணக்கட்டைக்குப் போய் மொட்டை போட்டுக்கணும்."

"நான் கெலிச்சா?"

"மொட்டைங்கற பேச்சையே என் வாயால எடுக்க மாட்டேன். இந்த ஜென்மத்துக்கு."

எத்திராஜ் தன்னையறியாமல் முடியைத் தடவிக்கொண்டான். இந்த ஜென்மத்துக்கு. இதைவிடப் பெரிய பரிசை எந்தச் சர்க்காரும் தராது.

"மச்சான், நீ சாட்சி."

"சாட்சி இல்ல மாமா, நானு அம்பயர்" என்றான் ஹரிபாபு, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "அக்கா, இன்னொரு அப்பளம்."

டிசைன் யார் போடுவது என்பதில் சண்டையே வரவில்லை. கட்டம் போட்ட தாளில் புடவைக் கரைக்கு அன்னம், மாங்காய், கோபுரம் எல்லாம் போடுகிறவன் எத்திராஜ். பிள்ளைகளைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்து, பெரிய கடை முதலாளி போல பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான்.

"சொல்லும்மா ஹர்ஷினி. மயிலு வேணுமா? பூ வேணுமா?"

"ஒண்ணும் வேணாம் நைனா. பிளெய்ன். டிசைன்லாம் சின்னப் பசங்களுக்கு."

ஐந்து வயது பரணிக்கு அப்படிப்பட்ட அலட்சியம் கிடையாது. "எனக்கு ஜேசிபி" என்றான்.

"ஜேசிபியா? சாமி மலைக்குப் போற துணியில போய்..."

"மஞ்சா ஜேசிபி. கை தூக்கிகினு இருக்கணும். உள்ள டிரைவர் இருக்கணும். டிரைவர் நைனாவா இருக்கணும்."

கடைசி வாக்கியத்தில் எத்திராஜ் விழுந்துவிட்டான். அன்றைக்கே வரைந்தான். வண்டிக்கு எத்தனை கட்டமோ, டிரைவர் தலைமுடிக்கு அதில் பாதி ஒதுக்கினான். முடி ஜன்னலுக்கு வெளியே வந்து காற்றில் பறந்தது. பிரமிளா தாளை எடுத்துப் பார்த்தாள்.

"வண்டி பின்னால, முடி முன்னால போவுது."

"முடிதான் முக்கியம்" என்றான் எத்திராஜ்.

பின்னல் அவன் நினைத்த மாதிரி இல்லை. ஊசியைப் பிடிக்க, கண்ணி போட, கண்ணியிலிருந்து கண்ணி எடுக்க, எல்லாம் பிரமிளாவே சொல்லிக் கொடுத்தாள். எதிரியிடமே வித்தை கற்க வேண்டியிருந்ததை அவன் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டான். நான்கு விரற்கடை வளர்ந்ததும் பிடித்துப் பார்த்தான். ஜேசிபி சக்கரம் முட்டை வடிவத்தில் இருந்தது. இடதுபக்கம் இழுத்தான். சப்பட்டை ஆனது. வலதுபக்கம் இழுத்தான். வாழைக்காய் ஆனது. பிரித்தான். மறுபடி பின்னினான். மறுபடி முட்டை.

தறிக்காரனுக்கு இது அவமானம். துணி என்றால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கிறது. ஏன் நிற்கிறது? யோசித்தபடி தறிக்கொட்டகைக்குள் நடந்தவன் பாவுக்குப் போடும் கஞ்சி வாளியில் இடித்துக்கொண்டு நின்றான். காலில் வலித்த அந்தக் கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

குற்றம் கையில் இல்லை. நூலில் இருக்கிறது. கஞ்சி போடாத நூலும் ஒரு நூலா?

கொல்லையில் கம்பு நட்டு, கம்பளி நூலை உருண்டை உருண்டையாகப் பிரித்து நீட்டிக் கட்டினான். மைதா கஞ்சி காய்ச்சி, துணியில் தோய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உருவிவிட்டான். கம்பளி முதலில் மிரண்டது. பிறகு மயிரெல்லாம் படிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நேராக நின்றது. மஞ்சள் நூல் மஞ்சள் கம்பியாக மின்னியது.

துணி உலர்த்த வந்த பிரமிளா நின்று பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினாள்.

"நல்ல யோசனைதான். ஆனா கஞ்சி மட்டும் போதுமா? மலைக்காத்து ஈரம். தொங்கிடாது?"

"அதைத்தான் யோசிச்சிகினு இருந்தேன்."

"ஹர்ஷினி ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வாங்கின கோந்து பாட்டில் சும்மா கெடக்குது. எடுத்தாரட்டா?"

"அதையும்தான் யோசிச்சிகினு இருந்தேன்" என்றான் எத்திராஜ்.

கோந்து கலந்த கஞ்சியில் இரண்டாம் முறை தோய்ந்த நூல் அதற்குப் பிறகு அவனை எதிர்த்துப் பேசவே இல்லை. ஊசி ஒவ்வொரு கண்ணியிலும் கடக் கடக் என்று சொல்லிக்கொண்டு போனது. தறிச் சத்தம் போலவே இருந்ததால் அவனுக்கு உற்சாகம் கூடியது. ஒரு வாரம் என்றது ஒன்றரை மாதம் ஆனது. ஆனால் முடிந்தபோது சக்கரம் சக்கரமாகவே இருந்தது. டிரைவர் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பரணியின் உடம்புக்கு நூல் பிசகாத அளவு.

முக்கியமான விஷயம், சுவெட்டர் தானாக நின்றது. மேஜைமேல் வைத்தால், இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, தலையில்லாத போலீஸ்காரர் போல நின்றது. பக்கத்து வீட்டுச் செல்வி பார்க்க வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு தட்டினாள். டொக் என்றது.

"அண்ணே, இத்த போட்டுக்கறதா, உள்ள போய் உக்காந்துக்கறதா?"

"பொறாமைம்மா உனக்கு" என்றான் எத்திராஜ்.

பரணியை உள்ளே இறக்கினார்கள். கழுத்து வெளியே வந்தது. கைகள் இரண்டும் நீட்டியபடியே நின்றன.

"நைனா, கை மடங்கல."

"ஜேசிபி கை எங்கடா மடங்குது?"

"மடங்குதே."

"இது புது மாடல்."

பரணி கொஞ்சம் யோசித்தான். பிறகு பூ... என்று சத்தம் போட்டுக்கொண்டு நடந்து போய் அக்காவை இடித்துத் தள்ளினான். அக்கா அலறினாள். அவ்வளவுதான். பரணி அந்தச் சுவெட்டரைக் காதலிக்க ஆரம்பித்துவிட்டான்.

இருந்தாலும் பந்தயம் பந்தயம். தலைமுடி விஷயத்தில் எத்திராஜ் விஷப்பரீட்சை எதுவும் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. மகனைத் தனியாகத் தறிக்கொட்டகைக்குக் கூட்டிப்போனான்.

"பரணி, மலையில இந்தச் சுவெட்டரைக் கழட்டாம இருந்தா, திரும்பி வரும்போது கடையில பொம்மை ஜேசிபி. பெருசு."

"கழட்டினா?"

"கிடையாது."

"நீயே கழட்டுன்னு சொன்னா?"

"நானே சொன்னாலும் கழட்டக்கூடாது."

"அம்மா சொன்னா?"

"அம்மா சொன்னா கண்டிப்பா கழட்டக்கூடாது."

"சாமி சொன்னா?"

எத்திராஜ் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "சொல்ல மாட்டாரு" என்றான்.

மலைப்படி தொடங்கும் அலிபிரியில் விடியற்காலையில் உண்மையாகவே குளிர்ந்தது. பைகளை மேலே அனுப்பும் கவுன்டரில் போட்டுவிட்டு ஹரிபாபுவோடு சேர்த்து ஐந்து பேரும் படியேறினார்கள். ஹர்ஷினி மயில்கழுத்து நிறத்தில் அம்மா பின்னிய சுவெட்டரில் அழகாக இருந்தாள். பஞ்சு போலிருந்தது. எத்திராஜ் அந்தப் பக்கம் பார்க்காமல் படியைப் பார்த்து ஏறினான். பரணி கைகளை நீட்டிக்கொண்டு படிக்கட்டின் பாதி அகலத்தை அடைத்துக்கொண்டு வந்தான். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

ஆனால் படியேறினால் உடம்பு சூடாகும். எத்திராஜ் இதை எண்ணிப் பார்க்கவில்லை. பிரமிளாவும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருந்தது. முதல் கோபுரம் தாண்டி மூச்சு வாங்கி நின்ற இடத்திலேயே ஹர்ஷினி, "உஸ், வேகுதும்மா" என்று சுவெட்டரை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

ஹரிபாபு ஒற்றை விரலைத் தூக்கினான். "அவுட்! அக்கா, நீ அவுட்டு!"

எத்திராஜ் நடுப்படியில் நின்று, "கோவிந்தா!" என்று கத்தினான். முன்னும் பின்னும் இருந்த ஜனங்களெல்லாம் பக்தியோடு, "கோவிந்தா! கோவிந்தா!" என்றார்கள். பரணி வியர்த்து வழிந்துகொண்டு, கழட்ட நினைத்தாலும் கழட்ட முடியாதபடி கைநீட்டி நின்றான்.

"சரி. கெலிச்சிட்டீங்க" என்றாள் பிரமிளா. "அந்தப் பேச்சை இனிமே என் வாயால எடுக்கமாட்டேன்."

இவ்வளவுதானா? எத்திராஜுக்கு ஒரு குறை இருந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு, ஒரு பெருமூச்சு எதுவுமே இல்லை. தோற்றவர்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறதே.

பாதி வழியில் தூறல் பிடித்தது. மார்கழிக்கே உரிய தூறல். நனைப்பதே தெரியாமல் நனைத்தது. முதலில் பரணியின் கைகள் மெல்ல இறங்கின. பிறகு மடங்கின. அதன்பிறகு சுவெட்டரும் இறங்க ஆரம்பித்தது. இடுப்பில் இருந்தது தொடைக்கு வந்தது. தொடையிலிருந்து முட்டிக்கு வந்தது. ஜேசிபி நீண்டு ரயில் ஆனது. டிரைவர் முடி வயிறுவரை தொங்கியது. பரணியைச் சுற்றிக் காலைப் பலகாரக் கடை போல மைதா வாசனை கமழ்ந்தது.

"கழட்டமாட்டேன்" என்றான் பரணி, யாரும் கேட்காமலேயே.

அடுத்த படியில் சுவெட்டர் ஓரத்தை மிதித்துத் தடுமாறினான்.

"பிள்ளை உழுந்து வெக்கப்போறான்" என்றாள் பிரமிளா. "தோள்மேல ஏத்திக்குங்களேன். உங்களைக் கெலிக்க வெச்ச பிள்ளையாச்சே."

அது நியாயமாகப் பட்டது. தூக்கிக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டான். ஈரச் சுவெட்டர் அவன் தலைமேல் குளிர்ச்சியாகப் படிந்தது.

"பரணி, நைனா தலையைக் கெட்டியாக் கட்டிக்கோ. அப்படியே சாஞ்சி தூங்கு" என்றாள் பிரமிளா.

பரணி கட்டிக்கொண்டான். சாய்ந்தான். தூங்கியும் போனான். மகனின் வயிறு தலைமேல் ஏறி இறங்க, மூச்சு காதில் விழ, வெற்றி பெற்ற மனிதனாக எத்திராஜ் மீதிப் படிகளை ஏறினான். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவன் எந்தப் படியையும் ஏறியதில்லை.

மேலே போனதும் பளீரென்று வெயில் அடித்தது. பைகளை வாங்கப் போன பிரமிளா, "பிள்ளை ஈரமா கீறான். நெழல்ல நிக்காதீங்க. வெயில்ல உக்காந்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எத்திராஜ் சொன்னபடி கேட்டு, வெயிலாகப் பார்த்து ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பை வர நெடுநேரம் ஆனது. வெயில் சுகமாக இருந்தது. அவனும் கண்ணயர்ந்தான்.

விழித்தபோது தலை கனத்தது. பரணியும் விழித்திருந்தான்.

"இறங்கு கண்ணா."

"இறங்க முடியல நைனா."

"ஏன்டா?"

"ஒட்டிகினு கீறேன்."

எத்திராஜ் கையை மேலே கொண்டுபோனான். சீப்பு நுழைந்து பழகிய இடத்தில் விரல் நுழையவில்லை. முடி எங்கே முடிகிறது, கம்பளி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தட்டினான். டொக் என்றது.

"மச்சான்!"

ஹரிபாபு வந்தான். முன்னால் பார்த்தான். பின்னால் போய்ப் பார்த்தான். பரணியை மெல்லத் தூக்கினான். எத்திராஜும் கூடவே எழுந்து நின்றான்.

"மாமா, ரெண்டும் ஒண்ணாப் போச்சி."

"இழுடா!"

இழுத்தான். எத்திராஜ் போட்ட சத்தத்தில் வழியில் போன ஒரு தெலுங்கு அம்மாள் நின்றுவிட்டாள். "அய்யோ, ஏமைந்தி நாயனா?"

"மொக்கு அம்மா, மொக்கு" என்றான் ஹரிபாபு. "பிள்ளையைத் தலையில வெச்சிகினு வரேன்னு சாமிக்கு வேண்டிகினாரு."

அந்த அம்மாள் கண்கலங்கி, எத்திராஜின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பின்னால் வந்த நான்கு பேரும் கும்பிட்டார்கள். ஒருவர் குழந்தையின் கையில் கற்கண்டு வைத்தார்.

பிரமிளா பைகளோடு வந்து சேர்ந்தாள். நிதானமாகப் பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையைச் சுவெட்டர்ல இருந்து உருவி எடுத்துடலாமே" என்றாள்.

"வேணாம்!" பரணி அலறினான். "கழட்டினா ஜேசிபி கெடயாது! நைனா சொல்லிச்சு! நைனா கழட்டச் சொன்னாலும் கழட்டக்கூடாதுன்னு நைனாவே சொல்லிச்சு!"

"டேய், அது அப்போ. இப்போ நான் சொல்றேன்."

"நீ சொன்னா கேக்கக்கூடாது!"

"அப்ப சுவெட்டரைக் கத்திரி போட்டு வெட்டிடலாம்" என்றான் ஹரிபாபு. "ஆனா மாமா, வெட்டினா கழட்டின கணக்குதான். மொதல்ல ஹர்ஷினி கழட்டினாலும், மலை இறங்கறதுக்குள்ள இவனும் கழட்டினா, அம்பயர் கணக்குல மேட்ச் டிரா. பந்தயம் மறுபடியும் மொதல்ல இருந்து."

"முடியைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கலாமா?" என்றான் எத்திராஜ், சட்டைப் பைச் சீப்பைத் தொட்டுக்கொண்டே.

"நடுவுல மட்டுமா?" என்றாள் ஹர்ஷினி. "நடுவுல மட்டும் இல்லாம எப்படி இருப்ப நைனா?"

எத்திராஜ் அதைக் கற்பனை செய்து பார்த்தான். சுற்றிலும் நாற்றங்கால், நடுவில் களத்துமேடு. மனைவியைப் பார்த்தான். இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இன்னாமே, சொல்லேன்."

"நான் இன்னா சொல்றது? அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"எடேன்."

"மாட்டேன்."

"நானே சொல்றேன், எடு!"

"நீங்க சொன்னாலும் எடுக்கக்கூடாது" என்றாள் பிரமிளா.

அவனேதான் சொன்னான். அவன் வாயால், அந்த வார்த்தையை. "மொட்டையே போட்டுக்கறேன், வா."

கல்யாணக்கட்டையில் டோக்கனும் பாதி பிளேடும் வாங்கிக்கொண்டு, தலையில் பிள்ளையோடு வரிசையில் நின்றான். முறை வந்ததும், சவரம் செய்பவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ தலைகளைப் பார்த்த மனிதர். இரட்டைத் தலையை இப்போதுதான் பார்க்கிறார்.

"சாமி, ரெண்டு பேருக்கா, ஒருத்தருக்கா?"

"ஒருத்தருக்கு. கீழ இருக்கறவனுக்கு."

"தலையைக் குனிங்க. பாபு, ஆடாதே."

ஹரிபாபு பரணியைப் பின்னாலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, பிடரியில் மட்டும் கைத்தண்ணீர் தெளித்து, பிளேடை வைத்து ஒரே இழுப்பாக மேல்நோக்கி இழுத்தார். அகலமாக ஒரு பாதை விழுந்தது. கொத்தாக முடி எத்திராஜின் மடியில் விழுந்தது. அதை அவன் கையில் எடுத்துக்கொண்டான். பிறகு அவர், முன்பக்கம் ஊறட்டும் என்று ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு, அவன் உச்சந்தலையிலும் பரணியின் வயிற்றிலும் சேர்த்து ஊற்றினார்.

சுவெட்டர் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

வெண்ணெயில் இருந்து கத்தி வருவது போல வந்துவிட்டது. முடியில் ஒன்றுகூடப் பிடித்துக்கொள்ளவில்லை. பரணி சறுக்குமரத்தில் இறங்குகிறவன் போல அப்பாவின் முதுகில் இறங்கி, "கழட்டல! நான் கழட்டல!" என்று குதித்தான்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று எத்திராஜ் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டான். "வந்துடுச்சி! மொட்டை வேணாம்!"

சவரம் செய்பவர் அவன் பிடரியை வருத்தத்தோடு பார்த்தார். "சாமி, பின்னாடி ரோடு போட்டாச்சே."

எத்திராஜ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

"தண்ணி ஊத்தினா கஞ்சி உட்டுடும்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பிரமிளா. "மூணு தலைமுறையா நூல்ல பொழக்கிறது உங்க குடும்பம்."

ஹரிபாபு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பரணி எதற்கென்று தெரியாமலே சிரித்தான். ஹர்ஷினி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எழுந்து நின்று சிரித்தாள். குதித்துக் குதித்துச் சிரித்தாள். எத்திராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கால்கள் போர்வைக்குள் அசையாமல் கிடந்தன. கையிலிருந்த முடிக்கொத்தைக் கீழே போட்டான்.

"போடுங்க சாமி" என்று தலையைக் குனிந்துகொண்டான். "மொத்தமும் போடுங்க."

வெளியே வந்தபோது காற்று நேராக மண்டைக்குள் புகுந்து வெளியே போனது. இத்தனை வருஷம் பொய்யாகச் சொன்ன குளிர் இப்போது நிஜமாகவே அடித்தது. பரணியின் சுவெட்டரில் ஜேசிபி டிரைவருக்கு மட்டும் முடி பறந்துகொண்டிருந்தது. எத்திராஜ் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, பல் கிட்டிக்க, "உ... உண்மையிலேயே குளுருதுமே" என்றான்.

பிரமிளா பையைத் திறந்தாள். அடியில் கைவிட்டு அந்தப் பழுப்பு நிறச் சட்டி மூடியை எடுத்தாள். உதறினாள். கால் விரலில் எம்பி நின்று அவன் தலையில் மாட்டி, காதுவரைக்கும் இழுத்துவிட்டாள். அது அங்கேயே பிறந்தது போல உட்கார்ந்துகொண்டது. கதகதப்பாக இருந்தது.

எத்திராஜ் அதைத் தொட்டுப் பார்த்தான். இழுத்தால் நீண்டது. விட்டால் சுருங்கியது.

"இது... அன்னிக்கே கூடையில கெடந்ததாச்சே. பந்தயமே கட்டலியே அப்போ."

"ஆமா. ஆடியில மொதமொதல்ல பின்னினது இதான்."

"என் தலை அளவு எப்படிக் கெடச்சுது?"

"மத்தியானம் கரண்ட் போனா கொறட்டை உடுவீங்களே, அப்ப நூலைச் சுத்தி அளந்துக்கினேன்" என்றாள் பிரமிளா. "முடிக்குன்னு ரெண்டு விரல் கழிச்சிட்டேன்."